கல்வளைவும் 'எனது' என்னும் சொல்லும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 'இயற்கைப் பாலம்' எனப்படும் கல்வளைவு ஒன்றுண்டு. சுண்ணாம்புப் பாறையைச் சிற்றோடை ஒன்று நெடுங்காலம் கரைத்துக் குடைந்தது. குடைவின் கூரை பெரும்பாலும் இடிந்து வீழ, எஞ்சிய துண்டே இவ்வளைவு. ஓடைக்கரையில் நின்று அண்ணாந்து நோக்கின் ஏறத்தாழ 215 அடி உயரம். அதன் முதுகின்மேல் நெடுஞ்சாலை செல்கிறது. 2016 முதல் அது மாநிலப் பூங்கா.

இக்கல் ஒரு காலத்தில் ஒருவருடைய சொத்தாக இருந்தது. 1774-ல் தாமஸ் ஜெஃபர்சன் இதனையும் சூழ்ந்த 157 ஏக்கர் நிலத்தையும் இங்கிலாந்து மன்னரிடமிருந்து 20 ஷில்லிங்குக்குப் பெற்றார். மன்னருக்கு அதனை அளித்தவர் யார்? அப்பகுதியில் முன்பே வாழ்ந்த மொனாக்கன் மக்களை எவரும் கேட்கவில்லை. ஈராண்டு கழித்து, மாந்தர் யாவரும் சமம் என்று பிரகடனம் வரைந்ததும் அதே கைதான். அக்கைக்குரியவர் தம் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமை கொண்டிருந்தார். கல்லுக்கும் பத்திரம், மனிதனுக்கும் பத்திரம்!

அன்பர்களே, அவ்வளைவைக் கண்டு வியப்போர் அதன் காவலரையும் நினைத்தல் வேண்டும். 1817 முதல் அங்குக் குடிசை கட்டி வாழ்ந்தவர் பேட்ரிக் ஹென்றி என்னும் கறுப்பினத்தவர். அடிமையல்லர், சுதந்திர மனிதர். (இப்பெயருடைய அரசியல் தலைவர் வேறு.) அவருடைய மனைவி லூயிசாவோ அடிமையாயிருந்தாள். ஹென்றி அவளை விலை கொடுத்து வாங்கினார். அக்கணமே, சட்டப்படி, மனைவி அவருடைய உடைமையானாள். அவர் அவ்வுரிமையை வைத்துக்கொள்ளவில்லை. விடுதலைப் பத்திரம் எழுதினார்.

விலை கொடுத்தமையால் விற்பவனின் உரிமையை அவர் ஒப்புக்கொண்டவராகாரோ எனச் சிலர் வினவலாம். வினா பொருந்தாததன்று, ஆனால் அதற்கு விடையிறுக்க வேண்டியவன் விற்றவனே. பூட்டிய கதவுக்குச் சாவி வாங்கியவனைப் பூட்டுக்கு உடந்தை என்பதா? கொள்கையின் தூய்மைக்காக மனைவியை அடிமைத்தளையிலேயே விட்டிருப்பின், அத்தூய்மையின் விலையைச் செலுத்துபவள் லூயிசா அன்றோ! வாங்கியது குற்றமாயிருந்திருக்கும், வாங்கிய பின் 'எனது' என்ற சொல்லை அவர் பற்றிக்கொண்டிருந்தால்.

1826-ல் ஜெஃபர்சன் பெருங்கடனோடு மறைந்தார். மறு ஆண்டு சனவரியில் அவருடைய அடிமைகள் ஏலத்தில் விற்கப்பட்டனர். தாய் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம். பின்னர்க் கல்வளைவும் கைமாறியது. லூயிசாவின்மீது எவர் கையிலும் பத்திரம் இல்லை.