உச்சியிலிருந்து இறங்கியவர்

2010 ஏப்ரலில் மெக்சிகோ நகரில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த லொரேனா ஒச்சோவா, கோல்ஃபிலிருந்து விடைபெறுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 28. காயம் எதுவும் அவரைத் துரத்தவில்லை. பெண்கள் கோல்ஃபின் உலகத் தரவரிசையில் 2007 ஏப்ரல் முதல் இடைவிடாமல் அவர்தான் முதலிடம். அந்தக் கணக்கு 158 வாரங்களில் முடிந்தது, அவராக முடித்துக்கொண்டதால்.

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர். ஐந்து வயதில் மட்டையைப் பிடித்தார். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைச் சுற்றான எல்.பி.ஜி.ஏ.வில் 27 பட்டங்கள் வென்றார். 2005 அமெரிக்கப் பெண்கள் ஓப்பனில், கடைசிக் குழியின் முதல் அடியே தண்ணீரில் விழுந்து பட்டம் கைநழுவியது. இரண்டே ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்கள் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். அந்தப் பழம்பெரும் மைதானத்தில் பெண் தொழில்முறை வீரர்களுக்கு நடந்த முதல் போட்டி அது. அதன் ஓரத்தில் நிற்கும் புகழ்பெற்ற கிளப், பெண்களை உறுப்பினராக்க 2014 வரை காத்திருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த வெற்றியின் கனம் தெரியும்.

ஆனால் பட்டங்களைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொன்று. அமெரிக்க மைதானங்களில் விடியுமுன்னே வந்து புல் வெட்டி, மணற்குழிகளைச் சீராக்குகிறவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்து பிழைக்கப் போனவர்கள். ஆட்டம் தொடங்கும்போது அவர்கள் யார் கண்ணிலும் படமாட்டார்கள். ஒச்சோவா அவர்களைத் தேடிப் போவார். கூட உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுவார். தன் காலடியில் இருந்த பச்சை யாருடைய உழைப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குவாதலஹாராவில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக அவர் அறக்கட்டளை தொடங்கியதும் ஆடிக்கொண்டிருந்த காலத்தில்தான். ஓய்வுக்குப் பிறகு குடும்பத்தோடும் இந்தப் பணியோடும் இருக்கவே விரும்பினார்.

இங்கே எனக்குத் தயக்கமும் உண்டு. கல்யாணமானதும் வேலையை விடு என்று பெண்களிடம் சொல்ல ஆட்கள் நிறைய. ஒச்சோவா விலகியதும் திருமணமான சில மாதங்களில்தான். அதை அவர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியே தள்ளப்படுவது வேறு, தானாக எழுந்து வருவது வேறு. முன்னது பறிப்பு. பின்னதற்கு, வென்ற எதுவும் தன்னைக் கட்டிப்போடாத ஒரு மனம் வேண்டும். தோற்றபின் விலகுவது எல்லோருக்கும் வாய்க்கும். வென்றுகொண்டிருக்கும்போது, நம் மதிப்பு தரவரிசைப் பட்டியலில் இல்லை என்று உள்ளுக்குள் நிச்சயமாகத் தெரிந்தவரால்தான் எழுந்து வர முடியும். அந்த நிச்சயம் அவருக்கு ஓய்வு நாளில் திடீரென்று வந்திருக்காது. புல் வெட்டுகிறவர்களோடு சாப்பிட உட்கார்ந்த காலைகளிலேயே அது இருந்தது என்று நம்புகிறேன்.

எல்.பி.ஜி.ஏ.வின் புகழ் மண்டபத்தில் இடம்பெற வெற்றிப் புள்ளிகளோடு பத்தாண்டு ஆட்டமும் வேண்டும் என்றொரு விதி இருந்தது. புள்ளிகள் அவரிடம் எப்போதோ சேர்ந்துவிட்டன, ஆண்டுகள் போதவில்லை. அதற்காக அவர் திரும்பி வந்து ஆடி ஆண்டுகளை நிரப்பவில்லை. 2022-இல் எல்.பி.ஜி.ஏ. அந்த விதியை நீக்கி, அவரைச் சேர்த்துக்கொண்டது.