வரம்பு கடக்கும் தீங்கு

பிறர்க்குத் தீங்கு செய்யலாகாது என்பதை அறநூல்கள் யாவும் ஒப்புகின்றன. ஆயின், தன் வாழ்வைக் காத்தற்பொருட்டு ஒருவன் செய்யும் செயலே அயலவனுக்குத் தீங்காய் முடியுமிடத்து, அவன்மீது குற்றஞ் சுமத்துதல் தகுமா? சாய்ந்தமருதுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் நெல்வட்டைகளில் இவ்வினாவுக்கு விடை காணல் எளிதன்று.

அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தி, நெற்றாளின் அடியிலிருந்து சாற்றை உறிஞ்சிப் பயிரைக் கருகச் செய்கின்றது. அதன் முட்டைகள் தாளினுள்ளே இருத்தலால் மருந்துக்குத் தப்பிவிடுகின்றன. அதனை உண்ணும் சிலந்திகளோ மடிந்துவிடுகின்றன. எனவே, காலமும் அளவும் அறியாது தெளிக்கும் மருந்து பூச்சியைப் பெருக்கிவிடுகின்றது. பெருகிய பூச்சி நீண்ட சிறகு பெற்று அயல் வயலுக்குப் பறக்கின்றது. இதனைப் பட்டறிந்த இந்தோனேசியா, 1986 இல் 57 வகைப் பூச்சிநாசினிகளை நெற்பயிருக்குப் பயன்படுத்தலாகாதெனத் தடைசெய்தது.

வட்டை முழுவதும் ஏககாலத்தில் விதைத்து ஏககாலத்தில் அறுப்பின், இடைக்காலத்தில் உணவின்றிப் பூச்சி குன்றும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதி குறிக்கப்படுவதன் பயன்களுள் இதுவும் ஒன்றாகும். மாறிவரும் காலநிலை இவ்வொழுங்கைக் குலைக்கின்றது. 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தைத் தாக்கியது போன்றதொரு வெள்ளத்தின்பின், பயிரழிந்தவன் மீள விதைக்கின்றான். தப்பியவனது பயிரோ முன்னரே வளர்ந்து நிற்கின்றது. பூச்சிக்குப் பசுந்தாள் இடையறாது கிடைக்கின்றது.

இந்நிலையில், ‘மருந்தடியாது பொறுத்திரு’ என அறிவுரை கூறுதல் எளிது. கடன்பட்டுக் குத்தகைக்கு வேளாண்மை செய்பவன் பொறுத்திருப்பின், அதன் பயன் வட்டை முழுவதற்கும் உரியது. பயிர் அழியின் இழப்பு அவனொருவனுக்கே உரியது. 2021 இல் இரசாயனப் பசளையினதும் பீடைநாசினியினதும் இறக்குமதியை அரசு திடீரெனத் தடுத்தபோதும் பாரம் உழவன் தோளிலேயே விழுந்தது. அத்தடை அவ்வாண்டு நவம்பரிலேயே கைவிடப்பட்டது. நோக்கம் நன்றாயிருப்பினும், சுமையைப் பகிராத கொள்கை நீதியாகாது.

இப்பகுதி முஸ்லிம் உழவர் நன்கறிந்த ஸக்காத்து விதி ஈண்டு நோக்கத்தக்கது. மழையால் விளைந்ததற்குப் பத்திலொன்று. பாடுபட்டு நீர்பாய்ச்சி விளைவித்ததற்கு இருபதிலொன்று. கடமை யாவர்க்கும் ஒன்றே. அதன் அளவு மட்டும் ஒருவன் தாங்கிய சிரமத்திற்கேற்ப வேறுபடுகின்றது.

பூச்சிக்கெதிரான பொதுக் கடமையையும் இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் வேண்டும். மருந்தைக் கடைசிக் கருவியாகக் கொள்வது உழவன் கடமைதான். பிந்தி விதைப்பவனுக்குக் குறுகியகால விதைநெல் தருவதும், பூச்சியின் அளவைக் கண்டறிய அவனுடன் வரம்பில் இறங்குவதும், பொறுத்திருந்து இழந்தவனுக்கு ஈடு செய்வதும் வட்டையாரினதும் அரசினதும் கடமைகளாம். இவற்றைச் செய்தவர்க்கே, ‘மருந்தடியாதே’ என்று அவனிடம் சொல்லும் உரிமை உண்டு.