தண்ணீர் எடுக்கப் போகாதவன் குளத்துக்கு ஏன் போகவேண்டும்?



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் தம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரைமேல் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் மண்வெட்டி இல்லை, கையில் தூண்டில் இல்லை, முன்னே மாடும் இல்லை. எதிரே வருகிறவர், "என்ன, இந்தப் பக்கம்?" என்று கேட்கிறார். "சும்மா பார்க்க வந்தோம்" என்று இவர் சொன்னால், வந்தவர் சிரித்துக்கொண்டே போவார். வேலையற்ற மனுஷன் என்று மனதுக்குள் எண்ணவும் கூடும். அந்தச் "சும்மா" குற்றந்தானா என்பதுதான் இந்த வாரம் நம் முன் நிற்கும் கேள்வி.

நம் ஆவுடையார்கோவிலுக்குப் பல தேசத்தாரும் வருகிறார்கள். கோயிலின் கல் கொடுங்கையைப் பார்க்க வருகிறார்கள். மரச்சட்டமும் ஆணியும் போலக் கல்லிலே செதுக்கியிருப்பதை அண்ணாந்து பார்த்து வியந்து போகிறார்கள். அவர்களை யாரும் வேலையற்றவர்கள் என்று சொல்வதில்லை. ஊரை விட்டுச் சற்று வெளியே போனால் எந்தத் திசையிலும் ஒரு கண்மாயோ, ஏந்தலோ, ஊருணியோ கண்ணில் படும். புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய்களும் குளங்களும் மட்டும் 5,000க்கு மேல். நாகுடிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடைத் தண்ணீர் எட்டிப் பார்க்கிறது. மற்றவை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாய் திறந்து கிடப்பவை. இவற்றையும் மனிதர்தாம் வெட்டினார்கள். ஆனால் பார்க்கத்தான் ஆளில்லை.

முன்னே அப்படி இல்லை. குடிக்கிற தண்ணீருக்கு ஊருணி, வயலுக்குக் கண்மாய், மாடு குளிப்பாட்டக் குட்டை என்று நாளுக்கு இரண்டு முறையாவது வீட்டில் ஒருவர் போய்வந்தார். மழைக்காலத்தில் நீர்ப்பாய்ச்சி என்பவர் இரவும் பகலும் கரையைச் சுற்றி வருவார். எலி வளை விழுந்திருக்கிறதா, மடை கசிகிறதா, கலிங்கில் தண்ணீர் தாண்டுகிறதா என்று பார்ப்பதே அவருக்கு வேலை. அந்தப் பார்வைக்காக ஊரார் அறுவடையில் நெல் அளந்தார்கள். பார்ப்பதற்குக் கூலி கொடுத்த ஜனங்கள் நாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது வீட்டு வாசலில் குழாய். வயலிலே ஆழ்துளைக் கிணறு. இது நல்லதுதான். குடத்தை இடுப்பில் வைத்து வெயிலில் நடந்த தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள், பழைய காலம் திரும்ப வரவேண்டுமென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தேவை நின்றபோது நடையும் நின்றது. நடை நின்றபோது பார்வையும் நின்றது. வரத்துக்கால் மண்மூடிப் போனதும், உள்வாயிலே சீமைக்கருவேல் அடர்ந்ததும், ஒரு மூலையில் குப்பை வண்டி கொட்டத் தொடங்கியதும் ஒரே நாளில் நடந்தவை அல்ல. வருஷக்கணக்கில் பட்டப்பகலில் நடந்தவை. கண்டவர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகையால் நான் சொல்ல வருவது யாதெனில், தேவை நம்மைக் குளத்துக்கு அழைத்துப்போன காலத்தில் சும்மா போவது வெறும் பொழுதுபோக்காயிருந்திருக்கலாம். தேவை போய்விட்ட இந்தக் காலத்தில், சும்மா போகிறவன் ஒருவனே குளத்துக்கு மிச்சமிருக்கும் காவற்காரன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "பிரயோசனம் இல்லாமல் யாரும் எதையும் காப்பாற்றமாட்டார்கள். வேடந்தாங்கலைப் பாருங்கள்" என்பார்கள். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, 1798-ம் ஆண்டில் ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பத்திரம் வாங்கினார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு எருவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். வாஸ்தவம். ஆனால் நமக்கு அருகே சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. அங்கே கண்மாயில் கூடுகட்டும் பறவைகள் மிரளக் கூடாதென்று ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எருவுக்காக மட்டும் ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு மத்தாப்பு போதும் என்று சொல்லிவிடுவானா? நாள்தோறும் பார்த்துப் பார்த்து, அந்தப் பறவைகள் ஊர்க்கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆகாயத்துப் பறவைகளை நோக்கிப் பார்க்கும்படி நம் ஆண்டவர் சொன்னது கவலையில் இருந்தவர்களுக்கு, ஓய்வாயிருந்தவர்களுக்கு அல்ல.

சரி, போனால் என்ன இருக்கிறது பார்க்க? முதலில் மடையான். மடையிலே காத்து நிற்பதால் அந்தப் பெயர் என்பார்கள். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வதுண்டு. நாம் பக்கத்தில் போகும்வரை அசையாது. சேற்று நிறத்தில் சேறாகவே நிற்கும். எழும்பினால் இறக்கை முழுதும் வெள்ளை! பிள்ளைகள் கைதட்டிவிடுவார்கள். பிறகு நத்தைகுத்தி நாரை. அதன் அலகு நடுவிலே பொருந்தாமல் இடைவெளி விட்டிருக்கும். நத்தையைப் பிடித்து உண்ண அமைந்த அலகு அது. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இல்லை, வளர வளரத்தான் உண்டாகிறது. அல்லியும் ஆம்பலும் படர்ந்த குளமானால் நீளவால் இலைக்கோழியைத் தேடுங்கள். நீண்ட விரல்களை அகல வைத்து இலைமேல் நடக்கும். முட்டையிட்டதும் பேடு போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் சேவல்தான். (நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது நல்லது.) மழைக்குப்பின் வரும் நீலச்சிறகி வாத்துகள் வட ஆசியாவின் குளிர்நாடுகளைத் தாண்டி வந்தவை. பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும்போது, ஊத்தாவோடு இறங்கும் ஜனங்களுக்கு மேலே பருந்துகளும் தங்கள் பங்குக்கு வட்டமிடும்.

போகிறவர்களுக்கு முறையும் உண்டு. படித்துறையில் பெண்கள் குளித்தால் அந்தப் பக்கம் போகாமல் மறுகரையால் சுற்றிப் போங்கள். கூடுகட்டும் மரத்தடியில் நின்று கைபேசியில் படம் பிடிக்காதீர்கள்; தாய்ப்பறவை எழும்பினால் காக்கை முட்டையைக் கொத்திவிடும். சாலையோரம் கொக்கும் மடையானும் கட்டி விற்றால் வாங்காதீர்கள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி வனப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கரையில் விறகு பொறுக்குகிற பாட்டிக்கும், ஆடு ஓட்டி வருகிற பையனுக்கும் அந்தக் கண்மாய் உங்களைவிட நெருக்கம். அவர்களை வேடிக்கை பார்க்காமல் பேச்சுக் கொடுங்கள். எந்த வருஷம் கரை உடைந்தது, எந்தப் பக்கம் விரால் அதிகம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

நிற்க. குளமும் குட்டையும் சமுதாயத்தின் பொதுச்சொத்து, அவற்றைத் தனியாருக்குக் கொடுக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 2001-ல் தீர்ப்பளித்தது. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ல் தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் "இதுவரைக்கும் தண்ணீர் நின்றது, நான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்துப் போட்டபின், அடுத்த வருஷம் பேராவூரணியில் ஊர் வாலிபர் பணம் சேர்த்துப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். எங்கே தோண்டவேண்டுமென்று ஊர்க்காரனுக்குத்தானே தெரியும்?

சாட்சி சொல்வதற்கு அளவு வேண்டும். அமெரிக்காவில் தோரோ என்பவர் வால்டன் குளத்தங்கரையில் குடியிருந்தார். அந்தக் குளத்துக்கு அடியே கிடையாது என்று அக்கம்பக்கத்தார் நம்பிவந்தார்கள். அவர் 1846-ல் உறைந்த பனிக்கட்டியில் துளையிட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். ஆழம் 102 அடி. நமக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. வருகிற ஞாயிறு பிள்ளைகளிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, உங்கள் ஊருணிப் படித்துறையில் தண்ணீருக்குமேல் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணி, தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலே அன்று கண்ட பறவைகளின் பெயர்களையும் எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் எழுதினால் போதும். ஆடு மேய்க்கிற பையன் சொல்லிக்கொடுப்பான்.