அளவாய் இட்ட மருந்து

வாய்வழி வெடிமருந்திட்டுச் சுடும் பழைய பாணிக் கைத்துப்பாக்கியில் கூடுதலாய் அடைத்தால் சத்தம் பெருகும், புகை பெருகும். குறி பெரும்பாலும் சிதறும். போட்டியில் 25 மீட்டர் தொலைவில் இலக்காய் நிற்பது வெறும் காகிதம். அதைத் துளைக்கச் சிறிது கருமருந்தே போதும். அந்தச் சிறிதை ஒவ்வொரு முறையும் பிசகாமல் இடுவதில்தான் வித்தை முழுதும் இருக்கிறது.

இவற்றுக்கான உலகப் போட்டிகளில் 30 நிமிடத்தில் 13 குண்டுகள். அவற்றில் சிறந்த 10 மட்டுமே கணக்கு. சுழல்துப்பாக்கி பிடிக்கும் பலர் மருந்தைக் குறைத்து, மிஞ்சும் இடத்தை ரவையால் நிரப்புகிறார்கள். ஆம், சமையலறை ரவையேதான். சுழல் உருளையின் அறையில் குண்டு வாயருகே நிற்க அது தாங்கல். ஒரு முறைக்கு ஒரே குண்டிடும் கைத்துப்பாக்கியிலோ குண்டு மருந்தோடு ஒட்டி அமர வேண்டும். இடைவெளி விட்டால் குழலே சேதமாகலாம்.

எந்த அளவு சரி என்பதைப் பிறர் அனுபவம் முழுதாகச் சொல்லாது. ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே அளவை விரும்புவதில்லை. தயாரித்தவர் சொன்ன எல்லைக்குள், குறைவில் தொடங்கி, சிறுகச் சிறுகக் கூட்டி, காகிதத்தையே கேட்க வேண்டும். துளைகள் நெருங்கி விழும் அளவில் கை நின்றுவிட வேண்டும், குழலுக்கு இன்னும் தாங்கும் வலு இருந்தாலும்.