எந்த மாதம், எந்தக் கரை

இலங்கைக் கடற்கரைகளில் எது நல்லது என்று கேட்டால் பதில் கிடையாது. ஆகஸ்டில் எது நல்லது, டிசம்பரில் எது நல்லது என்று கேட்டால் தெளிவான பதில் உண்டு. படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்து, விடுதிக்கு முன்பணமும் கட்டிவிட்டுப் போய் இறங்கினால், அந்தப் படம் எடுத்த மாதமும் நாம் போன மாதமும் வேறாக இருக்கும். நீலமாகத் தெரிந்த கடல் பழுப்பாக நுரைத்துக்கொண்டிருக்கும். குழந்தைகளை முழங்கால் தண்ணீரில்கூட இறக்க முடியாது.

எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மக்களுக்கு இதற்கான காரணத்தை விளக்குவது எளிது, ஏனென்றால் நாம் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் குடியிருக்கிறோம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று கணவாய்க்குள் புகுந்து தென்னைகளைப் போட்டு உலுக்குகிறது. ஆனால் அது சுமந்து வந்த மழையில் பெரும்பங்கு மேற்கிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நமக்கு மிஞ்சுவது காற்றும் கொஞ்சம் சாரலும்தான். மூலத்தறைக்கு ஆழியாற்றுத் தண்ணீர் வருமா என்று பார்த்திருக்கும் பூமி இது. ஐப்பசியில் காற்று திசை மாறி, கிழக்கேயிருந்து மழை வருவது தனிக் கணக்கு. ஒரு மலைத்தொடரின் இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் வறட்சி; அரை வருடம் கழித்தால் நிலைமை வேறு. இது நமக்குப் பாடப்புத்தகச் செய்தி இல்லை, பிழைப்பு.

இலங்கைத் தீவிலும் இதே கதைதான் நடக்கிறது. தீவின் நடுத் தெற்கில் மலைநாடு நிற்கிறது. அதன் உச்சியான பீதுருதாலகாலை 2,524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பக்கம் மோதி மழையைக் கொட்டிவிட்டு, மலையேறி இறங்கும்போது காய்ந்து போகிறது. மட்டக்களப்பு மக்கள் அதைக் கச்சான் காற்று என்பார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நேர்மாறு. வடகிழக்குக் காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வந்து திருகோணமலையையும் மட்டக்களப்பையும் நனைக்கிறது. தென்மேற்குக் கரையில் வெயில் அடிக்கிறது.

மழையைவிட முக்கியமானது அலை. ஆகஸ்டில் கிழக்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர நீர் தட்டையாகக் கிடக்கும். அதே காற்று மேற்குக் கரையில் திறந்த கடலிலிருந்து நேராக வந்து மோதும். இரண்டு கரைக்கும் சாலையில் ஒரு பகல் தூரம்தான் என்றாலும் இரண்டும் வெவ்வேறு கடல்கள்.

இனி நம் பள்ளி விடுமுறைகளோடு இதைப் பொருத்திப் பார்ப்போம். இங்குள்ள பிள்ளைகளுக்குக் கேரளக் கணக்கில்தான் விடுமுறை. ஓண விடுமுறை ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் பாதியிலோ வரும். அப்போது கிழக்குக் கரைதான் சரி. திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளி, தெற்கே மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடா. கிறிஸ்துமஸ் விடுமுறை என்றால் தென்மேற்கு: பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ. ஏப்ரல் இரண்டு காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். பிற்பகலில் இடிமழை வரலாம், ஆனாலும் இரண்டு கரையிலும் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மே பாதியைத் தாண்டினால் மேற்குக் கரையை விட்டுவிட வேண்டும்.

தீபாவளிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். அக்டோபர், நவம்பரில் தீவு முழுக்க மழை. வங்கக் கடலில் புயல் பிறக்கும் பருவமும் அதுவே. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

கரையை முடிவு செய்தபின் அடுத்து பார்க்க வேண்டியது அதன் வடிவம். அடுத்தடுத்த கடற்கரைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. பாசிக்குடா உள்வளைந்த குடா. தரை மிக மெதுவாகச் சரிவதால் வெகுதூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பளவில்தான் நிற்கும். நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் அந்தத் தீவில் எனக்குத் தோன்றவில்லை. நிலாவெளி நேர்க்கரை, நீண்ட மணல். அங்கே போவதன் பெரிய லாபம் கரைக்கு எதிரே உள்ள புறாத்தீவு. 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதைச் சுற்றிப் பவளப்பாறையும் வண்ணமீன்களும் உண்டு. படகில் போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கலாம். பவளத்தின் மேல் கால் ஊன்றக் கூடாது. அது உயிர், மிதித்தால் சாகும், மீண்டும் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். இன்னும் தெற்கே பொத்துவிலை ஒட்டிய அறுகம்குடா அலைச்சறுக்கு ஆடுபவர்களின் ஊர். அவர்கள் தேடி வரும் அலையே சிறுவர்களுக்கு ஆபத்து.

தென்மேற்கில் ஹிக்கடுவயின் ஒரு பகுதியில் பவளப்பாறை கடலுக்குள் வரப்பு கட்டியதுபோல் நின்று அலையை உடைத்துவிடுகிறது. உட்புறம் குளம்போல் இருக்கும், ஆமைகள் கரைவரை வரும். அந்தப் பாறையைத் தாண்டிய கரையில் அதே நாளில் அலை ஆளைப் புரட்டும். எனவே "ஹிக்கடுவயில் தங்குகிறோம்" என்பது போதாது, ஹிக்கடுவயில் எந்த இடம் என்று கேட்க வேண்டும். உனவட்டுன காலிக்கு அருகே வளைந்த விரிகுடா. மிரிஸ்ஸவிலிருந்து நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத்திமிங்கிலம் பார்க்கப் படகுகள் புறப்படும். வயதானவர்களுக்குப் படகின் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியும். ஆனால் கிணற்றிலும் வாய்க்காலிலும் கற்ற நீச்சல் அது. கடலில் அதை மட்டும் நம்பக் கூடாது. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் எங்காவது ஒரு தாழ்ந்த வழி பார்த்துத் திரும்பிப் பாயும். அந்த இடத்தில் அலை உடையாது. இருபுறமும் நுரை பொங்க, நடுவில் அமைதியாகத் தெரியும். புதியவர்கள் அதையே நல்ல துறை என்று நினைத்து இறங்குவார்கள். இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு வெளியே வந்தபின் திரும்ப வேண்டும். கிழக்குக் கரையில் வேறோர் ஆபத்து உண்டு. கடலைத் தட்டையாக்கும் அதே நிலக்காற்று, காற்றடைத்த மிதவையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைச் சத்தமில்லாமல் ஆழத்துக்குத் தள்ளிவிடும். மிதவையைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர் தண்ணீருக்குள் நிற்க வேண்டும், கரையில் உட்கார்ந்து பார்த்தால் போதாது.

பாட்டி, தாத்தா, பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை சேர்ந்து போவதானால், ஓண விடுமுறையில் திருகோணமலை என்பது என் தேர்வு. காலையில் கடல், மாலையில் குன்றின் மேல் திருக்கோணேஸ்வரம். அது சம்பந்தர் பாடிய தலம். அருகிலேயே கன்னியா வெந்நீர் ஊற்றுகள். படகுக்காரரிடமும் சாப்பாட்டுக் கடையிலும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத ஒரு பாட்டிக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு என்பது கூடப் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

வேறு தீவுகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அந்தமானின் ஸ்வராஜ் தீவில் ராதாநகர் கடற்கரை மேற்கு பார்த்தது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அருமையாக இருக்கும், தென்மேற்குக் காற்று தொடங்கினால் கொந்தளிக்கும். லட்சத்தீவில் பெரும்பாலான தீவுகளுக்கு மேற்கே பவளத்திட்டு அணைத்த உள்கடல் இருப்பதால் குளிக்கப் பாதுகாப்பு அதிகம். அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது.

போகும் வழியையும் காற்றே முடிவு செய்கிறது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. ஆகவே கிறிஸ்துமஸ் பயணத்துக்குக் கப்பலை நம்பாமல் விமானச் சீட்டு எடுப்பது நல்லது. விமானம் இறங்கும் கட்டுநாயக்கவிலிருந்து பெந்தோட்டை, காலிப் பக்கம் விரைவுச்சாலையில் சில மணி நேரத்தில் போய்விடலாம். திருகோணமலைக்குத் தூரம் இன்னும் அதிகம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று தனியாக ஒதுக்கிவிட்டு, மீதமுள்ள நாட்களுக்கு மட்டும் விடுதி பேசுங்கள்.