உள்ளங்கைக்கு எதிரே ஒரு முகம்

நாடகப் பயிற்சிகளில் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் தன் உள்ளங்கையை இன்னொருவர் முகத்துக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி நீட்ட வேண்டும். கை போகும் பக்கமெல்லாம் முகம் போக வேண்டும். இடைவெளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பேச்சு கிடையாது. பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் இதைக் ‘கொலம்பிய ஹிப்னாசிஸ்’ என்கிறார்.

ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் எனக்கு ஜோடியாக வாய்த்தவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அண்ணன். முதலில் என் கை. நடக்க வைத்தேன், சுற்ற வைத்தேன். யாரோ சிரித்தார்கள். இன்னும் சிரிக்கட்டுமே என்று கையைத் தரைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் முட்டி போட்டார், தவழ்ந்தார். அறையே சிரித்தது. முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

“முட்டி வலின்னா சொல்லியிருக்கலாமே அண்ணே?”

“நீ பாத்துக்கிட்டுதானே இருந்த, தம்பி.”

நான் பார்த்துக்கொண்டிருந்தது என் கையை. அப்புறம், சிரித்தவர்களை.

எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது எனக்காக நானே வாதாடினேன். அவர் சம்மதித்துத்தானே விளையாடினார்? வேண்டாம் என்று நிறுத்தியிருக்கலாமே? அதோடு, இது விளையாட்டுதானே? மூன்றும் உண்மைதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

நான் பொறியாளன். எங்கள் வேலையில் எல்லாவற்றுக்கும் எழுதிவைத்த நடைமுறை உண்டு. ஏதாவது தப்பு நடந்தால் முதல் கேள்வி, “ப்ரொசீஜர்ல என்ன இருக்கு?” அதன்படி செய்திருந்தால் நிம்மதி. எழுதப்பட்ட நாடகமும் ஓரளவு இப்படித்தான்: தவழ வைத்தது நாடகாசிரியர் என்று நடிகர் சொல்லிக்கொள்ளலாம். பிரதியே இல்லாத இந்த விளையாட்டில் யாரைக் கைகாட்டுவது? கை என்னுடையது.

பிரதி இல்லாத நாடகத்தைக் கண்டு சிங்கப்பூர் அரசாங்கமும் ஒருகாலத்தில் அஞ்சியது. போவாலின் விவாத அரங்கில் பார்வையாளர் “நிறுத்துங்க” என்று சொல்லி மேடையேறி, கதையை மாற்றி நடித்துக் காட்டலாம். ‘தி நெசஸரி ஸ்டேஜ்’ 1993இல் இங்கே அதை மேடையேற்றியது. மறு ஆண்டே, எழுத்துப்பிரதி இல்லாமல் பார்வையாளர்களை உள்ளே இழுக்கும் வடிவம் பொது ஒழுங்குக்கு ஆபத்து என்று சொல்லி, அதற்கான மானியத்தை நிறுத்தினார்கள். 2003 வரை அந்த நிலை நீடித்தது.

பிரதி இல்லாவிட்டால் பொறுப்பும் இருக்காது என்பதுதான் அந்த அச்சத்தின் அடிப்படை. என் அனுபவம் நேர்மாறானது. பிரதி இருந்தபோதெல்லாம் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. இல்லாதபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

“நிறுத்து” என்று சொல்லும் உரிமை கட்டாயம் வேண்டும். ஆனால் அது இருக்கிறது என்பதாலேயே, நடத்துகிறவர் கண்ணை எடுத்துவிட முடியுமா? வகுப்பில், வீட்டில், வேலையில், பாதிப் பேர் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. மரியாதைக்காக, கூச்சத்துக்காக, ஆட்டத்தைக் கெடுக்க வேண்டாமே என்பதற்காக. அவர்கள் சொல்லவில்லை என்பதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

அன்று அடுத்து அண்ணனின் கை. பழி வாங்குவார் என்று நினைத்தேன். மெதுவாக என்னைப் பின்னால் நடக்க வைத்தார். பாதியில் கை நின்றது; பிறகு இடப்பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். ஆட்டம் முடிந்த பிறகுதான் பார்த்தேன், எனக்குப் பின்னால் ஸ்பீக்கர் வயர் குறுக்கே கிடந்தது.