விருந்தாளியா, வாடிக்கையாளரா?

ஆல்பா நகரிலிருந்து காலையில் வேனில் கிளம்பினோம். இத்தாலியின் வடமேற்கே, பியமோந்தே மாநிலத்து லாங்கே குன்றுகள். ஒரே நாளில் மூன்று வைன் பண்ணைகள். மூன்றையும் குடும்பங்களே நடத்துகின்றன என்பதால்தான் தேர்ந்தெடுத்தேன். பெரிய கம்பெனிக்குக் காசு போகக் கூடாது என்ற, சுற்றுலா போகும்போது மட்டும் வரும் நல்ல மனசு.

லா மொர்ராவில் முதல் வீடு. மகள் நிலவறைக்குக் கூட்டிப்போனார். பரோலோ வைனை நெப்பியோலோ திராட்சையில் மட்டுமே செய்ய வேண்டும். குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். தாத்தா நட்டது, அப்பா காப்பாற்றியது, இப்போது நான் என்றார். மேசையில் ரொட்டி, பாலாடைக்கட்டி. அடுப்படியிலிருந்து அவர் அம்மா எட்டிப் பார்த்துக் கையசைத்தார்.

அந்தப் பெருமை பொய்யில்லை. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இதே குன்றுகள் ஒரு காலத்தில் பஞ்சம் பிழைத்த இடம். ஆல்பாக்காரரான பெப்பே ஃபெனோலியோ 1954-இல் எழுதிய 'லா மலோரா' நாவலில், வறுமையில் தகப்பன் மகனையே வேறொரு குத்தகைக்காரனிடம் பண்ணையாளாக விடுகிறான்.

மூன்றாவது பண்ணைக்குப் போகும் வழியில், சரிவில் வரிசையாக ஆட்கள் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் மாதம். "சீசன் வேலையாட்கள். மாசிடோனியா, ஆப்பிரிக்கா..." என்றார் ஓட்டுநர். வளைவு வந்தது. அவர்கள் மறைந்துபோனார்கள்.

கிள்ளானுக்குத் திரும்பி அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். ஒவ்வொரு படமாகத் தள்ளினார். "எல்லாம் நல்லாதான் இருக்கு. பழத்த யாரு வெட்டுறா? ஒருத்தரையும் காணோமே."

அம்மா இருபது வருசம் பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்கு நின்றவர்.

அந்த மகள் என்னை ஏமாற்றினாரா? அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. நான்தான் கேட்கவில்லை. மண், பீப்பாய், விலை எல்லாம் கேட்டேன். கூலியைக் கேட்கவில்லை. இத்தாலியில் ஆள்பிடித்து வேலை வாங்கும் தரகருக்கு 'கப்போராலே' என்று பெயர். நம் பாட்டன்மார் கங்காணி என்றார்கள். அந்தச் சுரண்டலுக்கு எதிராக 2016-இல் அங்கே சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். இதையெல்லாம் போவதற்கு முன்பே படித்திருந்தேன். அந்த மூன்று குடும்பங்கள் ஆட்களை எப்படி நடத்துகின்றன என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாகவே நடத்தலாம். கேட்டிருந்தால் சந்தோஷமாகக்கூடச் சொல்லியிருப்பார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்காரரிடம் அதைக் கேட்பது மரியாதையா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டியவன் நான். வாடிக்கையாளர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். விருந்தாளிக்குத்தான் அந்தச் சங்கடம் இல்லை. நான் காசு கொடுத்து வாங்கியது அந்த விருந்தாளி இடத்தைத்தானோ? (பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும்போது, பின்னால் தட்டு கழுவுகிறவரைப் பற்றி என்றைக்காவது கேட்டிருக்கிறேனா? அங்கே நான் விருந்தாளிகூட இல்லை.)

அம்மா ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். கிளாஸோடு நான் சிரிக்கிறேன். எனக்குப் பின்னால் சுவரோரம் பிளாஸ்டிக் பெட்டிகள், ஆள் உயரத்துக்கு.

"ரொப்பினா எவ்ளோ கனம் இருக்கும் இது?"

"தெரியலம்மா."

"தூக்கிப் பாக்கலியா?"